அடைபட்ட பெருந்தெருவுக்கு விலை என்ன?

காலம் பொன் போன்றது என்று நாம் அனைவரும் பள்ளியிற் படித்திருக்கின்றோம். ஆயினும் ஒரு நாட் காலத்துக்கு இத்தனை பணம் என்று விலை குறித்து, அதனை ஓர் அரசாங்கமே ஒப்பந்தப் பத்திரத்தில் எழுதிய வரலாறு பலருக்குப் புதுமையாகத் தோன்றலாம்.

1994ஆம் ஆண்டு ஜனவரி 17ஆந் திகதி அதிகாலையில், ஐக்கிய அமெரிக்காவின் தென் கலிபோர்னியாவை நோர்த்றிட்ஜ் பூகம்பம் உலுக்கியது. லொஸ் ஏஞ்சல்ஸ் நகரின் சாந்தா மொனிக்காப் பெருந்தெருவில் மேம்பாலங்கள் இடிந்து வீழ்ந்தன. நாள்தோறும் ஏறக்குறைய 3 இலட்சம் வாகனங்கள் ஓடிய பாதை அது. அவ்வளவும் பக்கத்து வீதிகளில் நெருங்கி ஊர்ந்தன. வீணான தொழில் நேரம், வெறுமனே எரிந்த பெற்றோல், பிந்திச் சென்ற சரக்குகள் ஆகியவற்றைக் கணக்கிட்ட அதிகாரிகள், பாதை அடைபட்டிருக்கும் ஒவ்வொரு நாளும் 10 இலட்சம் டொலருக்கு மேல் நட்டம் என மதிப்பிட்டனர்.

ஆகவே கொந்திராத்தில் ஒரு நிபந்தனை சேர்க்கப்பட்டது. வேலைக்குத் தவணை 140 நாட்கள். முந்தும் ஒவ்வொரு நாளுக்கும் 2 இலட்சம் டொலர் வெகுமதி. பிந்தும் ஒவ்வொரு நாளுக்கும் அதே தொகை தண்டம். வேலையை ஏற்ற சி. சி. மையர்ஸ் நிறுவனம் இரவு பகலாக உழைத்து 66 நாட்களில் முடித்தது. மாணவர்கள் கணக்கிட்டுப் பார்க்கலாம்: முந்திய நாட்கள் 74, வெகுமதி 1 கோடி 48 இலட்சம் டொலர். கொந்திராத்துத் தொகையோ ஏறக்குறைய 1 கோடி 49 இலட்சந்தான்! ஒரு வேலைக்கு இரட்டைக் கூலியா என்று கேட்கத் தோன்றும். ஆனால் அந்த 74 நாட்களும் பாதை அடைபட்டிருந்தால், மேற்கூறிய மதிப்பீட்டின்படி பொதுமக்கள் இழந்திருக்கக்கூடியது 7 கோடி 40 இலட்சத்துக்கும் அதிகம் அன்றோ?

பூகம்பந்தான் வேண்டுமென்பதில்லை, ஒரு லொறியே போதும். 2007ஆம் ஆண்டு ஏப்ரல் 29ஆந் திகதி, ஓக்லண்ட் நகருக்கருகே பெற்றோல் ஏற்றிய தாங்கி லொறியொன்று கவிழ்ந்து தீப்பற்றியது. வெப்பத்தால் உரமிழந்த உருக்குச் சட்டங்கள் வளைய, மேற்பாலம் கீழ்ப்பாலத்தின்மீது சரிந்தது. அதே நிறுவனம் இம்முறை 9 இலட்சம் டொலருக்கும் குறைவாகக் கேள்வி கொடுத்து, மே 24ஆந் திகதியே மேற்பாலத்தைத் திறந்து, 50 இலட்சம் டொலர் வெகுமதி பெற்றது. கூலியிலும் வெகுமதி பெரிது!

சிறு விபத்துக்கும் இந்நியதி பொருந்தும். ஒரு நிரை மறிபட்டால், அதனை அகற்றும்வரை பின்னால் வாகன வரிசை நீண்டுகொண்டே போகும். அவ்வரிசையின் வாலில் இன்னொரு மோதல் நேர்வதும் உண்டு. இதனாலேயே சிக்காகோ நகரின் பெருந்தெருக்களில் 1960 முதல் பழுதான வண்டிகளை உடனுக்குடன் இழுத்தகற்றும் சுற்றுக்காவல் இயங்கி வருகின்றது. லண்டன் மாநகரிலோ, நெரிசல் வேளையில் முக்கிய வீதிகளைத் தோண்டுவோரிடம் நாளொன்றுக்கு 2,500 பவுண் வரை வாடகை அறவிடும் திட்டம் 2012இல் தொடங்கியது. இரவில் தோண்டினால் வாடகை குறையும், அல்லது இல்லாமலே போகும்.

இவ்வாறு விரைவுக்கு விலை குறிக்கலாம். உயிருக்கு? ஐக்கிய அமெரிக்காவில் 2021ஆம் ஆண்டில் மாத்திரம் வீதி வேலை நடைபெறும் இடங்களில் 950க்கு மேற்பட்டோர் மாண்டனர். அவர்களுள் 100க்கு மேற்பட்டோர் வேலையாட்கள். பெரும்பாலோர் வாகனங்களிற் சென்றவர்களே. எச்சரிக்கைப் பலகை, ஒளிவிளக்கு, மறிப்புக் கூம்பு, மோதலைத் தாங்கும் மெத்தை பொருத்திய காவல் லொறி ஆகிய யாவும் பணம் விழுங்குவனதாம். பாலத்தைப்போல இவை கண்ணுக்கு நிலைத்து நில்லா. வேலை முடிந்ததும் மறைந்துவிடும். ஆதலால் சிக்கனம் பேசுவோரின் கை முதலில் இவற்றின்மீதே படுகின்றது. முந்திய நாளுக்கு வெகுமதி கொடுப்போர், காவலுக்குரிய செலவையும் ஒப்பந்தத்தில் தனியே எழுதி வைத்தல் வேண்டும். இல்லையேல் மிச்சம் பிடித்த பணத்தை ஏழைத் தொழிலாளியின் குடும்பமே கட்டித் தீர்க்க நேரிடும்.

வாகனம் செலுத்துவோர்க்கும் இதிற் பங்குண்டு. வீதியோரத்தில் விளக்கு மின்னக் கண்டால் வேகத்தைத் தணிப்பதால் நாம் இழப்பது சில விநாடிகளே. அவ்விளக்கின் பின்னால் நிற்பவனுக்கோ அது ஓர் ஆயுள்.