ஊருக்கொரு கறி, கறிக்கொரு சரக்கு

சனிக்கிழமை இரவு எட்டு மணிக்கு ஒரு மளிகைக் கடையின் கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் அரை மணி நேரம் நின்றால் போதும், அது எந்த வட்டாரம் என்று சொல்லிவிடலாம். மறுநாள் கறிக்குச் சாமான் வாங்க வருகிறவர் 100 கிராம் வரமிளகாயும் அரைக் கிலோ சின்ன வெங்காயமும் கேட்டால் அது பள்ளிபாளையம், ஈரோட்டுப் பக்கம். கல்பாசி, மராட்டி மொக்கு, அன்னாசிப்பூ என்று வரிசையாக ஒப்பித்தால் காரைக்குடி. மிளகும் சோம்பும் வாங்கிக்கொண்டு தேங்காய் எண்ணெய்க்குப் பாத்திரத்தை நீட்டினால் தென்காசி, செங்கோட்டை. மலைச்சரக்கு மொத்த வியாபாரத்தில் நாற்பது ஆண்டுகளாக இருக்கும் நமக்கு இது தலைகீழ்ப் பாடம். ஆனால் இப்போது எந்த ஊர்க் கடையில் நின்றாலும் கேட்கிற குரல் ஒன்றுதான்: "ஒரு சிக்கன் மசாலா பாக்கெட் கொடுங்க." இதனால் சில்லறை வியாபாரிக்கு என்ன போகிறது, மிளகு விளைகிற இடத்துக்கு என்ன போகிறது என்பதைச் சற்று விவரமாகவே பார்ப்போம்.

விளைகிற இடத்திலிருந்தே தொடங்கலாம். நாமக்கல் மாவட்டம் கொல்லிமலையில் 'நாடு' என்ற பெயரோடு பல ஊராட்சிகள் உண்டு. அவற்றில் ஒன்று பைல் நாடு. காரவள்ளி அடிவாரத்திலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறித்தான் மலைக்குப் போக வேண்டும். அந்தப் பக்கத்திலிருந்து நாம் பல ஆண்டுகளாக மிளகு எடுத்து வருகிறோம். சில்வர் ஓக் மரத்திலும் பலா மரத்திலும் கொடி ஏறியிருக்கும், அடியில் காப்பிச் செடி நிற்கும். தை, மாசியில் பறிப்பு. மூன்று கிலோ பச்சை மிளகு காய்ந்தால் ஏறக்குறைய ஒரு கிலோ தேறும். நல்ல சரக்கு என்பதற்கு நம் கையில் இருக்கும் பழைய கணக்கு லிட்டர் எடைதான். ஒரு லிட்டர் படியில் அளந்து கொட்டி நிறுத்தால் 500 கிராமுக்குக் குறையக் கூடாது. 550 தொட்டால் விலை பேசாமல் வாங்கலாம்.

மலையில் நாம் சாப்பிட்ட வீடுகளில் கோழி அடித்தால் அம்மியில் மிளகைத் தட்டித்தான் போடுவார்கள். மிளகாய் பேருக்கு இரண்டு கிடக்கும். மாலை ஆறு மணிக்கு மேல் மலையில் இறங்குகிற குளிருக்கு அந்தக் காரம்தான் பொருத்தம். இந்த மலையில் கறி விருந்து இன்று நேற்று வந்ததும் இல்லை. கொல்லிமலையை ஆண்ட வல்வில் ஓரி, தன்னைப் பாடி வந்தவர்களுக்குத் தான் வேட்டையாடிய மான் கறியையும் மதுவையும் கொடுத்து, தன் மலையில் கிடைத்த பொன்னையும் வாரிக் கொடுத்தான் என்று புறநானூறு சொல்கிறது.

மலையை விட்டு இறங்கி அதே மாவட்டத்தின் மேற்கு எல்லைக்குப் போனால் கதை அடியோடு மாறுகிறது. காவிரியின் ஒரு கரையில் ஈரோடு, எதிர்க்கரையில் பள்ளிபாளையம். தறி ஓடும் ஊர். அந்த ஊர்ப் பெயரால் விற்கும் சிக்கனில் மசாலாத் தூளே கிடையாது, தக்காளியும் கிடையாது. சிறு துண்டாக நறுக்கிய கோழி, கிள்ளிப் போட்ட வரமிளகாய், சின்ன வெங்காயம், கறிவேப்பிலை, மஞ்சள், தேங்காய்ச் சில்லு, உப்பு, எண்ணெய். அவ்வளவுதான். கிலோ கோழிக்கு முப்பது மிளகாய்க்குக் குறையாது. பார்த்தால் பயமாக இருக்கும், சாப்பிட்டால் அவ்வளவு காரம் இருக்காது. மிளகாயைக் கிள்ளி விதையை உதறிவிட்டுத் தோலை மட்டுமே போடுவதுதான் அதன் சூட்சுமம். விதையும் அதை ஒட்டிய நரம்பும் போய்விட்டால் நிறமும் மணமும் நிற்கும், காரம் இறங்கிவிடும். ஆகவே இந்தக் கறிக்குச் சரக்குக் கேட்பவருக்குத் தோல் தடித்த, நடப்பு ஆண்டு நீட்டு மிளகாயைத்தான் கொடுக்க வேண்டும். பழைய சரக்கைக் கொடுத்தால் கிள்ளும்போதே நொறுங்கி விதையும் தோலும் கலந்துவிடும். மறு வாரம் அவர் வேறு கடைக்குப் போய்விடுவார்.

குண்டு மிளகாயின் சீமை தெற்கே. இராமநாதபுரம் முண்டு மிளகாய்க்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. மதுரைப் பக்கத்துச் சுக்காவில் மிளகும் சோம்பும் முன்னால் நிற்கும். செங்கோட்டை எல்லைக் கடைகளின் கோழி வறுவலில் மிளகோடு தேங்காய் எண்ணெயும் சேர்ந்துகொள்கிறது. மலைக்கு அந்தப் பக்கம் கேரளம் என்பதை நாக்கே சொல்லிவிடும். திண்டுக்கல், ஆம்பூர் என்று பிரியாணிக்குள் நுழைந்தால் அரிசிக் கணக்கும் சேர்ந்துவிடும். அது தனியாக எழுத வேண்டிய விஷயம்.

செட்டிநாட்டைப் பற்றி மட்டும் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். வறண்ட பூமி. அந்தக் கறியில் விழும் வாசனைச் சரக்கில் பெரும்பகுதி அந்த மண்ணில் விளைவதில்லை. கிராம்பும் பட்டையும் இலங்கையிலும் கீழ்த்திசைத் தீவுகளிலும் விளைபவை. அன்னாசிப்பூ சீனாவிலும் வியட்நாமிலும் விளைவது. பர்மா, மலாயா, இலங்கை, சைகோன் என்று கடல் கடந்து தொழில் செய்த நகரத்தார் வீட்டு அடுப்பில் அந்தந்தத் துறைமுகத்தின் வாசனை ஏறியதில் வியப்பில்லை. வட்டாரச் சுவை என்று நாம் பெருமையாகச் சொல்வதெல்லாம் பெரும்பாலும் அந்த வட்டாரத்துக் கடையில் என்ன சரக்கு கிடைத்தது என்பதன் கணக்குத்தான். மலையில் மிளகு, காவிரிக் கரையில் மஞ்சளும் மிளகாயும், காரைக்குடியில் கப்பல் சரக்கு. சமையல்காரருக்கு முன்னால் வியாபாரி நிற்கிறார்.

இத்தனை ஊர்க் கறிக்கும் பொதுவாக ஒரு வேலை இருந்தது. நாட்டுக்கோழியை இறகு பறித்து, மஞ்சள் பூசி, தென்னங்கீற்றிலோ வைக்கோலிலோ தீ மூட்டி வாட்டுவது. ஆட்டுத்தலையும் காலும் அப்படியே. அந்தத் தீயின் வாசம் குழம்பு கொதித்த பிறகும் போகாது. இந்த வாட்டுகிற வேலையை மட்டும் எடுத்து, அதையே முழுச் சமையலாக ஆக்கி, நாள் முழுவதும் விறகுப் புகையில் கறியை வேகவைத்தால் அதற்குப் பெயர்தான் அமெரிக்காவின் பார்பிக்யூ.

அமெரிக்கா எதற்கு இங்கே என்று கேட்கலாம். கொல்லிமலையில் இப்போது தங்கும் விடுதிகள் பெருகிவிட்டன. சனி, ஞாயிறுகளில் வெளியூரிலிருந்து வருகிற இளைஞர்கள் இரவில் நெருப்பு மூட்டிக் கோழி சுட்டுத் தின்ன ஆசைப்படுகிறார்கள். பைல் நாட்டில் நமக்கு வாடிக்கையான கடைக்காரர் ஒருவர், "ஐயா, அடுத்த லோடில் பார்பிக்யூ மசாலா பத்து பாக்கெட் போட்டு விடுங்க, விடுதிக்காரங்க கேக்கறாங்க" என்றார். மாதிரிக்கு அந்த விடுதியில் இருந்த பாக்கெட்டையும் காட்டினார். டெக்சாஸ் முறை என்று மேலே எழுதியிருந்தது. பின்பக்கம் படித்தோம். உப்பு, சர்க்கரை, மிளகாய்த் தூள், புகை வாசனை என்று போய்க்கொண்டே இருந்தது. மிளகு கடைசியில் இருந்தது. கடைக்குப் பின்னால் அவருடைய களத்தில் அப்போது இரண்டு மூட்டை மிளகு காய்ந்துகொண்டிருந்தது.

டெக்சாஸ் எப்படிச் சமைக்கிறது என்று நமக்குக் கொஞ்சம் தெரியும். சில ஆண்டுகளுக்கு முன் மகளைப் பார்க்க ஆஸ்டின் நகரத்துக்குப் போயிருந்தோம். அங்கிருந்து ஐம்பது கிலோமீட்டர் தூரத்தில் லாக்ஹார்ட் என்று ஒரு சிற்றூர், பார்பிக்யூவுக்கே பேர் போனது. நாம் அங்கே தின்றதைவிடப் பார்த்தது அதிகம். அந்தப் பகுதியில் இந்தச் சமையலைத் தொடங்கியவர்கள் ஓட்டல்காரர்கள் அல்லர். ஜெர்மனியிலிருந்தும் செக் நாட்டிலிருந்தும் குடியேறிய கறிக்கடைக்காரர்களும் மளிகைக்காரர்களும்தான். குளிர்சாதனப் பெட்டி இல்லாத காலம். விற்காமல் நின்ற கறி கெட்டுப்போகாமல் இருக்க அதை ஓக் விறகுப் புகையில் வாட்டி வைத்தார்கள். பருத்திக் காட்டுக் கூலியாட்கள் அதைக் கறி கட்டுகிற தாளிலேயே வாங்கி, அதே கடையில் இருந்த பிஸ்கட்டையும் ஊறுகாயையும் வெங்காயத்தையும் சேர்த்து நின்றபடி தின்றார்கள். கழிவாகப் போயிருக்க வேண்டிய சரக்கு ஒரு மாநிலத்தின் பெருமையாக மாறிவிட்டது. 1900-ல் தொடங்கிய கிரூஸ் மார்க்கெட் என்ற கடை இன்றும் அந்த ஊரில் நடக்கிறது. பெயரிலேயே 'மார்க்கெட்' இருக்கிறது பாருங்கள். கறிக்குப் போடுவது என்ன? உப்பு, கரகரப்பாக உடைத்த மிளகு. மீதியெல்லாம் விறகும் பொறுமையும்தான்.

அந்த நாட்டிலும் ஊருக்கொரு கறிதான். கிழக்கே வட கரோலினாவில் முழுப் பன்றியைச் சுட்டு, வினிகரில் மிளகாயும் உப்பும் கலந்த தண்ணீரைத் தெளிப்பார்கள். அதே மாநிலத்தின் மேற்கில் தோள்கறி மட்டும், வினிகரோடு கொஞ்சம் தக்காளி. தென் கரோலினாவில் கடுகுச் சாந்து. மெம்பிஸ் நகரத்தில் விலாக்கறிக்கு மசாலாத் தூளை உலர்வாகத் தடவுவார்கள். கான்சாஸ் சிட்டியில் தக்காளியும் மொலாசஸ் என்கிற கரும்புப் பாகும் சேர்ந்த இனிப்புச் சாந்து. 1970-களின் கடைசியில் இந்தக் கான்சாஸ் சிட்டிச் சாந்தை ஒரு டாக்டர் பாட்டிலில் அடைத்து விற்றார். 1986-ல் ஒரு பெரிய கம்பெனி அந்தப் பெயரை வாங்கி நாடு முழுவதும் கொண்டுபோனது. இன்று பார்பிக்யூ என்றதும் வெளியூர்க்காரர் மனதில் வருவது சிவந்த இனிப்புச் சாந்துதான். ஆனாலும் லாக்ஹார்ட் கடைகள் தங்கள் உப்பையும் மிளகையும் விடவில்லை, கரோலினாக்காரர் வினிகரை விடவில்லை. பாட்டிலும் விற்கிறது, ஊர்ச் சுவையும் விற்கிறது.

நம் பக்கத்தில் பாக்கெட் வந்த விதமும் இதைப் போன்றதே. சக்தி மசாலா 1975-ல் ஈரோட்டில் ஒரு மஞ்சள் வியாபாரமாகத் தொடங்கியது. ஆச்சி மசாலா 1995-ல் வந்தது. நம்மைப் போன்ற வியாபாரிகள் உழைத்து வளர்ந்ததைக் குறை சொல்ல நாம் வரவில்லை. வேலைக்குப் போகிற பெண்களுக்கு அது பெரிய ஒத்தாசை. நம் கவலை வேறு. பாக்கெட்டில் கடைக்காரருக்கு நிற்கும் லாபம் கம்பெனி முடிவு செய்த லாபம். உதிரிச் சரக்கில் நிற்பது அவருடைய கை, கண், மூக்கு மூன்றுக்குமான லாபம். நல்ல மிளகு எது, பப்பாளி விதை கலந்தது எது, எண்ணெய் பூசிப் பளபளப்பாக்கியது எது என்று பார்த்துச் சொல்லத் தெரிந்தவரிடம்தான் வாடிக்கை நிற்கும். 2012 கடைசியில் கொச்சிக் கிடங்குகளில் கனிம எண்ணெய் பூசிய மிளகு பெருமளவில் முத்திரை வைக்கப்பட்டது நினைவிருக்கும்.

விளைச்சல்காரருக்கும் இதில் பங்கு உண்டு. வியட்நாம் மிளகு மலிவாக வந்து குவிந்ததால் 2017 டிசம்பரில் மத்திய அரசு கிலோவுக்கு 500 ரூபாய் என்று குறைந்தபட்ச இறக்குமதி விலை வைத்தது. இலங்கையோடு உள்ள ஒப்பந்தப்படி ஆண்டுக்கு 2,500 டன் தீர்வையில்லாமல் வரலாம். தூளாக அரைத்த பிறகு எந்த நாட்டு மிளகு என்று யாருக்குத் தெரியும்? முழு மிளகாக, இன்ன ஊர்ச் சரக்கு என்று சொல்லி விற்கும்போதுதான் பைல் நாட்டுக்காரர் களத்தில் காய்கிற அந்த இரண்டு மூட்டைக்கு மதிப்பு.

அந்தக் கடைக்காரரிடம் நாம் சொன்னது இதுதான்: "பாக்கெட் அனுப்புகிறோம், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அந்த விடுதிச் சமையல்காரரைக் கூப்பிட்டு, உங்கள் மிளகை உரலில் ஒன்றிரண்டாக உடைத்து, உப்புச் சேர்த்து ஒரு கோழிக்குத் தடவிச் சுடச் சொல்லுங்கள்." மறு லோடுக்குப் போனபோது பத்து பாக்கெட்டில் ஆறு அப்படியே அலமாரியில் இருந்தது. விடுதிக்கு வாரம் இரண்டு கிலோ உடைத்த மிளகு போகிறது என்றார். பெரிய கணக்கு இல்லைதான். ஆனால் அது தரகு, லாரி வாடகை, எடைக்குறைவு எதுவும் இல்லாத கணக்கு.

சமவெளிக் கடைக்காரர்களும் இதைச் செய்து பார்க்கலாம். உங்கள் ஊர்க் கறிக்கு ஒரு கிலோவுக்கு வேண்டிய சாமானை முழுதாக, வாடிக்கையாளர் கண்முன்னே நிறுத்துக் கட்டிக் கொடுங்கள். மிளகு வறுவல் என்றால் 15 முதல் 20 கிராம் மிளகு போதும். முன்கூட்டியே கட்டி அடுக்கி வைத்தால் பொட்டலப் பொருள் விதிகளின்படி எடை, விலை, தேதி, முகவரி எல்லாம் அச்சிட வேண்டி வரும் என்பதை மறக்க வேண்டாம். மிளகை உடைத்தால் அந்த வாரத்துக்கு மட்டும் உடையுங்கள், வாசனை நிற்காது. தையில் புதுச் சரக்கு இறங்கும்போது மூட்டைக்குள் முழங்கை வரை கையை விட்டு, அடிச் சரக்கை எடுத்துப் பாருங்கள். ஈரம் 12 சதவீதத்துக்குள் இருப்பதை மட்டும் எடுத்து, தரையில் படாமல் கட்டை போட்டு அடுக்குங்கள். வைகாசி வரை பூசணம் பிடிக்காது.