காருக்கே "ஐஸ்" வைக்கும் பந்தயக்காரர்கள்!

10 விநாடி ஓட்டத்துக்கு மூட்டை மூட்டையாக ஐஸ். உருகிய தண்ணீரில் ஒளிந்திருக்கும் ஆபத்து

காரியம் ஆக வேண்டும் என்றால் ஆளுக்கு ஐஸ் வைப்பார்கள். அது நமக்குத் தெரிந்த விஷயம். கார் வேகமாக ஓட வேண்டும் என்று காருக்கே ஐஸ் வைக்கிற கூட்டம் ஒன்று இருக்கிறது. தெரியுமா?

அமெரிக்காவில்தான் இந்தக் கூத்து. பந்தய நாளன்று கடைக்குப் போகிறார்கள். ஐஸ் கட்டிகளை மூட்டை மூட்டையாக வாங்குகிறார்கள். கூல் டிரிங்சில் போடவா? அதுதான் இல்லை. கார் டிக்கியைத் திறக்கிறார்கள். உள்ளே ஒரு தொட்டி. அதில் கொட்டி மூடுகிறார்கள்!

ஏன் இந்தப் பைத்தியம்?

கால் மைல் ஓட்டம்

"டிராக் ரேஸ்" என்று ஒரு பந்தயம். நேர் பாதை. வளைவு கிடையாது. இரண்டு கார்கள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். பச்சை விளக்கு எரிந்ததும் பாயும். கால் மைல், அதாவது 402 மீட்டர். அவ்வளவுதான் பந்தயம். நல்ல கார் 12, 13 விநாடியில் முடித்துவிடும். 10 விநாடியில் முடித்தால் அவன்தான் ராஜா. கால் விநாடி முந்த ஆயிரக்கணக்கான டாலரை அள்ளி விடுகிறவர்கள் உண்டு.

இந்தக் கார்களில் சிலவற்றில் "சூப்பர்சார்ஜர்" இருக்கும். அது ஒரு காற்று பம்பு. என்ஜினே அதைச் சுழற்றும். அது காற்றை அமுக்கி என்ஜினுக்குள் திணிக்கும். காற்று கூடினால் பெட்ரோலும் கூட எரியும். சக்தியும் கூடும்.

இங்கேதான் வில்லன் வருகிறான். அவன் பெயர் சூடு!

சைக்கிளுக்குக் காற்று அடித்திருக்கிறீர்களா? பம்பின் அடிப்பக்கத்தைத் தொட்டால் சுடும் அல்லவா? அதே கதைதான். 30 டிகிரியில் உள்ளே போகிற காற்றை ஒன்றரை மடங்கு அழுத்தத்துக்கு அமுக்கினால், அது ஏறத்தாழ 85 டிகிரியில் வெளியே வரும்.

சுட்ட காற்று விரியும். அதே இடத்தில் குறைந்த காற்றுதான் அடங்கும். அது மட்டுமா? உள்ளே பெட்ரோல் நேரம் கெட்ட நேரத்தில் தானாகப் பற்றிக்கொள்ளும். "டக் டக்" என்று தட்டும். மெக்கானிக்குகள் "நாக்கிங்" என்பார்கள். கவனிக்காமல் விட்டால் பிஸ்டனில் ஓட்டை! இதற்குப் பயந்து, காற்று சூடானதும் காரின் கம்ப்யூட்டரே பொறி விழும் நேரத்தைத் தள்ளிப் போட்டுவிடும். சக்தி இறங்கிவிடும்.

விமானம் காட்டிய வழி

காற்றை ஆற்றத்தான் "இன்டர்கூலர்". இது நேற்று வந்த சரக்கு அல்ல. இரண்டாம் உலகப் போரில் பறந்த ஸ்பிட்பயர் விமானத்திலேயே இருந்தது. 1942-ல் வந்த ரகத்தில் ரோல்ஸ் ராய்ஸ் மெர்லின் என்ஜின். காற்றை இரண்டு தடவை அமுக்கியது. கொதித்த காற்றை ஆற்ற, நீர் ஓடும் இன்டர்கூலர் வைத்தார்கள்.

இன்டர்கூலரில் இரண்டு ஜாதி. ஒன்று, முன்னால் அடிக்கிற காற்றிலேயே ஆறுவது. இன்னொன்று, குழாயில் ஓடும் தண்ணீரால் ஆறுவது. ஐஸ் வேலை செய்வது இரண்டாவது ஜாதியில்தான்.

2003-ல் வந்த போர்டு மஸ்டாங் கோப்ரா இந்த ஜாதி. 4.6 லிட்டர் என்ஜின். 390 குதிரை சக்தி. இந்தக் காரை வாங்கிய வாலிபர்கள் பலர் ஐஸ் பைத்தியம் பிடித்து அலைந்தார்கள்.

ஐஸ் கணக்கு

1 கிலோ ஐஸ் உருகும்போது எவ்வளவு சூட்டை விழுங்கும்? 1 கிலோ தண்ணீரை 0 டிகிரியில் இருந்து 80 டிகிரிக்கு ஏற்றுகிற சூட்டை! அதுவும் முழுதாக உருகும் வரை 0 டிகிரியிலேயே நிற்கும். அதனால்தான் வெறும் குளிர்ந்த தண்ணீர் இவர்களுக்குப் போதவில்லை.

400 குதிரை சக்தி என்ஜின் முழு வீச்சில் விநாடிக்குச் சுமார் 300 கிராம் காற்றை இழுக்கும். அதை 60 டிகிரி ஆற்ற வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். 13 விநாடி ஓட்டத்துக்கு 1 கிலோ ஐஸ் கூட முழுசாக உருகாது!

அப்புறம் எதற்கு மூட்டைக் கணக்கில்? வரிசையில் காத்து நிற்கும்போது தகிக்கிற என்ஜின் பாதி ஐசைத் தின்றுவிடும். அதனால் விவரம் தெரிந்தவர்கள் கடைசி நிமிடத்தில்தான் ஐஸ் போடுகிறார்கள். என்ஜினை நிறுத்திவிட்டு, தண்ணீர் பம்பை மட்டும் தனி சுவிட்சு போட்டு ஓட விடுகிறார்கள். பானட்டைத் திறந்துவைத்து, என்ஜின் தலையிலும் ஒரு ஐஸ் மூட்டையை உட்கார வைக்கிறார்கள். காய்ச்சல்காரனுக்கு நெற்றியில் பற்றுப் போட்ட மாதிரி!

இன்னொரு தந்திரம். இந்தத் தண்ணீருக்கு முன்பக்கம் தனியாகச் சின்ன ரேடியேட்டர் இருக்கும். 0 டிகிரித் தண்ணீர் அதில் போனால், வெளிக்காற்று அதைச் சூடாக்கித்தான் அனுப்பும்! ஆகவே அந்தப் பாதையை அடைத்துவிடுவார்கள்.

பலன் என்ன? 60 டிகிரிக் காற்றை 30 டிகிரிக்கு இறக்கினால் சுமார் 10 சதவீதம் கூடுதல் காற்று அடங்கும். பந்தயத்தில் அது பெரிய தொகை.

கம்பெனியே இறங்கியது

2017-ல் டாட்ஜ் கம்பெனி "சேலஞ்சர் டீமன்" என்ற காரை நியூயார்க்கில் காட்டியது. ஐஸ் மூட்டை தேவையில்லை. காரின் ஏ.சி.யே இன்டர்கூலர் தண்ணீரைக் குளிர வைக்கும். பந்தய பெட்ரோல் ஊற்றினால் 840 குதிரை சக்தி. கால் மைலை 9.65 விநாடியில் தாண்டியது. 10 விநாடிக்குக் கீழே போகிற காருக்குள் இரும்புக் கூண்டு வேண்டும் என்பது அன்றைய பந்தய விதி. கூண்டு இல்லாத இந்தக் காரைப் பந்தயச் சங்கம் தள்ளி வைத்தது!

ஆபத்து இங்கே

ஐஸ் உருகினால் தண்ணீர். அது ஒழுகி ஓடுபாதையில் சொட்டினால் டயர் வழுக்கும். பின்னால் வருகிறவனுக்கும் சேர்த்து ஆபத்து.

ஐஸ் உருகக் உருக, உறையாமலும் துருப்பிடிக்காமலும் காக்கிற திரவம் நீர்த்துப் போகும். அப்படியே விட்டால் அமெரிக்கக் குளிரில் உள்ளே உறைந்து இன்டர்கூலர் வெடிக்கும். அதில் கீறல் விழுந்தால் தண்ணீர் என்ஜினுக்குள் இறங்கும். தண்ணீரை அமுக்க முடியாது. கனெக்டிங் ராடு வளைந்து என்ஜின் காலி!

ஐசில் உப்புப் போட்டால் இன்னும் குளிரும் என்று ஐஸ்கிரீம்காரர் வித்தையைச் செய்யக்கூடாது. உப்பு அலுமினியத்தை அரித்துவிடும்.

இன்னும் சிலருக்கு "டிரை ஐஸ்" ஆசை. அது உறைந்த கார்பன் டை ஆக்சைடு. மைனஸ் 78 டிகிரி. மூடிய தொட்டியில் போட்டால் வெடிக்கும். மூடிய காரில் வைத்தால் மூச்சு முட்டும். 2018 ஜூலையில் வாஷிங்டன் மாநிலத்தில், ஐஸ்கிரீமுக்காக டிரை ஐஸ் ஏற்றியிருந்த ஒரு காருக்குள்ளேயே ஒரு மூதாட்டி பிணமானார். பந்தயமும் இல்லை, மோதலும் இல்லை. காற்றே எமனாகிவிட்டது!

"என் காருக்கும் போடலாமா அண்ணே?"

இப்படிக் கேட்கும் தம்பிகளுக்கு ஒரு வார்த்தை. நம்ம ஊர் டர்போ கார்கள் பலவற்றில் இருப்பது காற்றில் ஆறும் இன்டர்கூலர். ஐஸ் போட இடமே கிடையாது. ஆசைப்பட்டு என்ஜின் சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறந்தால் கொதிநீர் முகத்தில் பீச்சும். ஆஸ்பத்திரிதான்!

அந்த ஐஸ் சாலைக்கு உதவாது. சில விநாடிப் பாய்ச்சலுக்குத்தான் உதவும். அந்தப் பாய்ச்சலைப் பாய இடம் வேண்டும். அமெரிக்காவில் 1951-ல் டிராக் ரேஸ் சங்கம் தொடங்கியதே, தெருவில் பாய்ந்த வாலிபர்களைத் திடலுக்கு இழுத்து வரத்தான்.

நமக்கும் திடல் இருக்கிறது. முன்பு சோழவரம் விமான ஓடுபாதை. 1990 முதல் இருங்காட்டுக்கோட்டை. அதை விட்டுவிட்டு ராத்திரியில் கடற்கரைச் சாலையில் சீறினால், மோட்டார் வாகனச் சட்டம் 189-வது பிரிவு பாயும். 2019 திருத்தத்துக்குப் பிறகு முதல் தடவையே 3 மாதம் வரை ஜெயில், அல்லது ரூ.5 ஆயிரம் வரை அபராதம், அல்லது இரண்டும். மறுபடி மாட்டினால் 1 வருடம் வரை உள்ளே.

போலீசாரிடம் மாட்டிய பிறகு யாருக்கு ஐஸ் வைத்தும் பயன் இல்லை!