குழந்தையின் முதல் கவளமும் உறைய வைத்த காய்கறியும்

மகப்பேற்று நலச் சட்டத்தில் 2017ஆம் ஆண்டு செய்யப்பட்ட திருத்தம், அச்சட்டத்தின் கீழ் வரும் பணிபுரியும் பெண்களுக்கு முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரகால ஊதிய விடுப்பை உறுதி செய்தது. அதில் எட்டு வாரம் வரை பேற்றுக்கு முன்னரே எடுத்துக்கொள்ளலாம். இதனால் நாட்டின் பல இல்லங்களில், தாய் மீண்டும் அலுவலகம் செல்லத் தொடங்கும் காலமும், குழந்தை தன் முதல் கவளத்தைச் சுவைக்கும் காலமும் ஏறக்குறைய ஒன்றாகவே வந்து சேர்கின்றன. விடிந்ததும் சந்தைக்குச் சென்று, காய் தேர்ந்து, கழுவி, நறுக்கி, வேகவைத்து, மசித்து வைத்துவிட்டுப் பேருந்தைப் பிடிக்க எல்லாத் தாயராலும் இயலுவதில்லை. அப்போதுதான் ஃப்ரீசரில் இருக்கும் பட்டாணிப் பொட்டலத்தின் மீது பார்வை செல்கிறது. "பச்சைக் குழந்தைக்குப் பல மாதத்துக் காயையா கொடுப்பது?" என்று வீட்டுப் பெரியவர்கள் வினவுகின்றனர். அவ்வினாவில் நியாயம் உண்டு. அதற்குரிய விடையை இங்கே காண்போம்.

உறைய வைத்தல் என்பது யாது?

ஆலைகளில் பட்டாணி, காரட், பீன்ஸ் போன்ற காய்கள் அறுவடை முடிந்து குறுகிய காலத்திற்குள் கழுவப்பட்டு, கொதிநீரிலோ நீராவியிலோ ஓரிரு நிமிடம் இடப்பட்டு, உடனே குளிர்விக்கப்படுகின்றன. காயின் நிறத்தையும் சுவையையும் நாளடைவில் கெடுக்கும் நொதிகளைச் செயலிழக்கச் செய்வதே இந்தச் சிறு வெப்பத்தின் நோக்கம். பின்னர் மிகக் குளிர்ந்த காற்றில் ஒவ்வொரு மணியும் தனித்தனியே விரைவாக உறைய வைக்கப்பட்டு, மைனஸ் 18 டிகிரி செல்சியஸ் அளவில் பாதுகாக்கப்படுகிறது. இதில் பதப்படுத்தும் வேதிப்பொருள் எதுவும் தேவைப்படுவதில்லை. காயைக் காப்பது குளிர் ஒன்றே.

சத்து குறைந்துவிடுமோ என்ற ஐயம் இயல்பானது. கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் பட்டாணி, காரட், பசலைக்கீரை உள்ளிட்ட எட்டு வகைக் காய்கனிகளை ஒப்பிட்டு 2015ஆம் ஆண்டு முடிவுகளை வெளியிட்டனர். உறைய வைத்தவற்றில் வைட்டமின் சி பெரும்பாலும் புதியவற்றுக்கு இணையாகவும் சிலவற்றில் கூடுதலாகவும் இருந்தது. பீட்டா கரோட்டின் மட்டும் பட்டாணி முதலிய சிலவற்றில் குறைந்திருந்தது. இதில் வியப்பில்லை. பறித்த பட்டாணி லாரியிலும் சந்தையிலும் நம் வீட்டுக் கூடையிலும் நாள்களைக் கழிக்கும்போது அதன் வைட்டமின் சி தொடர்ந்து குறைகிறது. உறைந்த பட்டாணியில் அந்த இழப்பு மிகவும் மெதுவாகிவிடுகிறது. அன்றே பறித்த காய் கிடைக்குமாயின் அதற்கு ஈடில்லை. கோடையில் மூன்று நாள் வாடிய காயோடு ஒப்பிட்டால், உறைந்த காய் எவ்விதத்திலும் தாழ்ந்ததன்று.

குளிர் கிருமியைக் கொல்வதில்லை

பெற்றோர் மனத்தில் இருத்த வேண்டிய செய்தி ஒன்று உண்டு. குளிர் என்பது நிறுத்தி வைக்குமே தவிர, தூய்மைப்படுத்தாது. சத்தை நிறுத்தி வைப்பது போலவே கிருமியையும் அது நிறுத்தி வைக்கிறது. உறைநிலையில் உறங்கும் கிருமி, காய் இளகியதும் விழித்துப் பெருகுகிறது.

2015 முதல் 2018 வரை ஆஸ்திரியா, டென்மார்க், பின்லாந்து, சுவீடன், பிரிட்டன் ஆகிய ஐந்து நாடுகளில் லிஸ்டீரியா என்னும் பாக்டீரியாவால் 47 பேர் நோயுற்றதும், அவர்களுள் ஒன்பது பேர் உயிரிழந்ததும் பதிவாயின. உறைய வைத்த மக்காச்சோளமும் அதனுடன் கலந்து விற்கப்பட்ட பிற காய்களும் காரணம் எனப் புலனாய்வில் தெரியவந்தது. லிஸ்டீரியா சாதாரணக் குளிர்சாதனப் பெட்டியின் குளிரிலும் மெல்லப் பெருகக்கூடியது. ஆனால் நன்கு வேகவைத்தால் அழிந்துவிடும். உறைந்த காய் ஓரளவு வெந்தது போல் மென்மையாக இருப்பதால், இளக வைத்து அப்படியே உண்ணலாம் என்று பலர் எண்ணுகின்றனர். பெரியவர்களுக்கே அது ஏற்றதன்று. நோய் எதிர்ப்பு ஆற்றல் முழுமையாக வளராத ஆறு மாதக் குழந்தைக்கு அறவே ஆகாது. முளைவிடும் ஈறுக்கு இதமாக இருக்கும் என்று உறைந்த பட்டாணியையோ காரட் துண்டையோ கையில் கொடுப்பதும் தவறு. கிருமி அபாயத்தோடு, தொண்டையில் அடைத்துக்கொள்ளும் அபாயமும் அதில் உண்டு.

வாங்கும்போது

பொட்டலத்தைக் கையில் எடுத்து மெல்லக் குலுக்கிப் பாருங்கள். மணிகள் தனித்தனியே உருண்டால் நல்லது. ஒரே கட்டியாக இறுகியிருந்தாலோ, உள்ளே பனிப்படலம் மிகுதியாகப் படிந்திருந்தாலோ, அது வழியில் எங்கோ இளகி மீண்டும் உறைந்திருக்கக்கூடும், அதை விட்டுவிடுங்கள். உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 14 இலக்க உரிம எண்ணும் காலாவதி நாளும் இருக்கின்றனவா என்று காணுங்கள். உட்பொருள் பட்டியலில் காயின் பெயர் மட்டுமே இருக்க வேண்டும். உப்பு, சர்க்கரை, வெண்ணெய், மசாலா சேர்த்தவையும், பொரிப்பதற்கென்று விற்கப்படும் உருளைக்கிழங்கு வகைகளும் குழந்தைக்கு உரியவை அல்ல. கடையில் பிற பொருள்களை எல்லாம் வாங்கி முடித்தபின் இறுதியாக இதை எடுத்து, நேரே வீடு சேருங்கள்.

பட்டாணி மலிவாகக் கிடைக்கும் குளிர்காலத்தில் அதை உரித்து ஆண்டு முழுமைக்கும் உறைய வைத்துக்கொள்வது வட இந்திய இல்லங்களின் வழக்கம். சிக்கனமும் நலமும் சேர்ந்த அவ்வழக்கத்தை எவரும் பின்பற்றலாம். உரித்த பட்டாணியைக் கொதிநீரில் ஒன்றரை நிமிடம் இட்டு, உடனே பனிக்கட்டி கலந்த நீரில் குளிர்வித்து, ஈரம் போகத் துடைத்து, தட்டில் பரப்பி உறைய வைத்தபின் சிறு சிறு பைகளில் பிரித்து, தேதி எழுதி வையுங்கள்.

சமைத்து ஊட்டும் முறை

வேண்டிய அளவு மட்டும் எடுத்து, இளகவிடாமல் நேராகக் கொதிநீரிலோ ஆவியிலோ இட்டு வேகவையுங்கள். மீதியை உடனே ஃப்ரீசரில் வைத்துவிடுங்கள். உறையும்போது உண்டாகும் பனித்துகள்கள் காயின் செல் சுவர்களை உடைப்பதால், உறைந்த காய் விரைவில் குழைகிறது. மசிப்பதற்கு அது வசதியே. இரு விரலுக்கிடையில் அழுத்தினால் முழுவதும் நசுங்கும் பதம் வேண்டும். பட்டாணி, மக்காச்சோளம் ஆகியவற்றின் தோல் தொண்டையில் ஒட்டக்கூடுமாதலால், தொடக்கத்தில் மசித்தபின் வடிகட்டிவிடுவது நன்று. முழு மணியாக ஒருபோதும் தரலாகாது. ஓராண்டு நிறையும் வரை உப்பும் சர்க்கரையும் தேனும் சேர்க்க வேண்டா.

ஞாயிற்றுக்கிழமை மொத்தமாக மசித்து வைத்துக்கொள்ளும் தாயர் பலர். அதுவும் தகும். ஆறியவுடன் தூய பனிக்கட்டித் தட்டின் குழிகளில் ஊற்றி, மூடி உறைய வைத்தால், வேளைக்கு ஒன்றிரண்டு கட்டிகளை எடுத்து ஆவி பறக்கச் சூடாக்கி, நன்கு கிளறி, வெதுவெதுப்பானதும் ஊட்டலாம். ஒரு மாதத்திற்குள் அவற்றைத் தீர்த்துவிடுங்கள். பசலைக்கீரை, பீட்ரூட் மசியலை வெளியில் நெடுநேரம் வைத்தால் அதிலுள்ள நைட்ரேட், குழந்தைக்குத் தீங்கு தரும் நைட்ரைட்டாக மாறக்கூடும். அவற்றை அவ்வப்போது சமைத்துக் கொடுப்பதே நல்லது. கிண்ணத்தில் எஞ்சியதை, அது எவ்வளவாயினும், எடுத்து வைக்காதீர்கள். கரண்டி வழியே உமிழ்நீர் கலந்த உணவில் கிருமி விரைந்து வளரும்.

மின்தடை வந்தால்

நம் நாட்டில் இதைப் பேசாமல் விட முடியாது. தனிக் கதவுள்ள ஃப்ரீசர் நிறைந்திருந்து, திறக்கப்படாமலும் இருந்தால் ஏறக்குறைய 48 மணி நேரமும், பாதி நிறைந்திருந்தால் 24 மணி நேரமும் குளிர் தாங்கும். ஒற்றைக் கதவுக் குளிர்சாதனப் பெட்டியின் மேலுள்ள பனிக்கட்டி அறை பெரும்பாலும் மைனஸ் 18 டிகிரியை எட்டுவதில்லை. அதில் சில நாள்களுக்கு வேண்டியதை மட்டும் வையுங்கள். சிறு கிண்ணத்தில் நீரை உறைய வைத்து, அதன்மேல் ஒரு நாணயத்தை இட்டு ஃப்ரீசரில் வைப்பது எளிய சோதனை. ஊரிலிருந்து திரும்பி வரும்போது நாணயம் அடியில் கிடந்தால், இடையில் எல்லாம் இளகி உறைந்தது என்று பொருள். அப்பொட்டலத்தைக் குழந்தைக்குப் பயன்படுத்தாதீர்கள்.

காய் மட்டும் போதாது

உலக சுகாதார நிறுவனம் ஆறு மாதம் நிறையும் வரை தாய்ப்பால் மட்டும் எனவும், அதன்பின் இணை உணவோடு இரண்டு வயதும் அதற்கு மேலும் தாய்ப்பாலைத் தொடர வேண்டும் எனவும் பரிந்துரைக்கிறது. முதலில் இரண்டு மூன்று கரண்டி அளவில் தொடங்கி, ஆறு முதல் எட்டு மாதம் வரை நாளொன்றுக்கு இரண்டு அல்லது மூன்று வேளை தரலாம். இவ்வயதில் உடலில் பிறக்கும்போதே சேமிக்கப்பட்டிருந்த இரும்புச்சத்து தீரத் தொடங்குகிறது. காய்மசியல் மட்டும் அக்குறையை ஈடு செய்யாது. குழைந்த சோறு, பருப்பு, சிறிது நெய், வழக்கமுள்ள இல்லங்களில் முட்டையும் மீனும் ஆகியவற்றோடு காய் சேரும்போதுதான் உணவு நிறைவு பெறும். புதிய உணவுகளை ஒவ்வொன்றாக அறிமுகப்படுத்துங்கள். குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்கும், ஒவ்வாமை உள்ள குடும்பத்துக் குழந்தைக்கும் மருத்துவரின் அறிவுரையோடு தொடங்குங்கள்.

வைப்பில் இட்ட பொருள் எத்தகையதோ, எடுக்கும்போதும் அத்தகையதாகவே இருக்கும். ஃப்ரீசர் அதற்கு வட்டி தருவதில்லை. நல்ல காயைத் தூய்மையாக வைத்து, முழுதாக வேகவைத்து, மசித்துக் கொடுத்தால், அலுவலகத்திற்கு விரையும் தாய் குற்ற உணர்வோடு வீட்டை விட்டுப் புறப்பட வேண்டியதில்லை. பெரியவர்களின் வினாவுக்கும் அதுவே விடை: கொடுக்கலாம், அடுப்பில் நன்கு வெந்த பிறகு.