நிலைமாற்று மின்னழுத்தச் சீராக்கிகளில் மிகைமின்னோட்டக் காப்பு: மின்னணு ஜக்கார்டை முன்வைத்து

முன்னுரை

காஞ்சிபுரம் பட்டுத் தறிகளில் துளையிட்ட அட்டைகளுக்கு மாற்றாக மின்னணு ஜக்கார்டுகளும் இன்று இடம்பெற்றுள்ளன. ஒவ்வோர் ஊடைக்கும் எழ வேண்டிய கொக்கிகளை இவற்றில் மின்காந்தங்கள் தெரிவுசெய்கின்றன. அவ்வெண்ணிக்கை ஊடைக்கு ஊடை வேறுபடுவதால் மின்வழங்கியின் சுமையும் வேறுபடுகிறது. இத்தகைய சுமையின் இயல்பான ஏற்றத்தையும் குறுக்குச்சுற்றுப் பழுதையும் சீராக்கி பிரித்தறியும் முறையை இக்கட்டுரை விளக்குகிறது.

உருகியின் போதாமை

24 வோல்ட்டை 12 வோல்ட்டாகக் குறைக்கும் சீராக்கி ஒன்றை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். அதன் மின்தூண்டி 10 மைக்ரோஹென்றி. நிலைமாற்று அதிர்வெண் 500 கிலோஹெர்ட்ஸ். வெளியீடு குறுக்குச்சுற்றானால், டிரான்சிஸ்டர் கடத்தும் ஒவ்வொரு மைக்ரோநொடிக்கும் மின்னோட்டம் 2.4 ஆம்பியர் உயரும். மின்தூண்டியின் காந்த உள்ளகம் தெவிட்டினால் இவ்வுயர்வு பன்மடங்காகும். உருகி அறுபட மில்லிநொடிகள் ஆகலாம். அதற்குள் டிரான்சிஸ்டர் அழிந்துவிடக்கூடும். ஆகவே சுழற்சிதோறும் மின்னோட்டத்தை அளந்து, அது வரம்பை எட்டியதும் டிரான்சிஸ்டரை அணைக்கும் முறை கையாளப்படுகிறது.

சுழற்சிதோறும் வரம்பிடலின் குறை

அளந்து அணைப்பதற்கும் குறைந்த அளவு நேரம் தேவை. அது 100 நானோநொடி எனில், குறுக்குச்சுற்றின்போது ஒரு சுழற்சியில் மின்னோட்டம் 0.24 ஆம்பியர் ஏறும். எஞ்சிய 1.9 மைக்ரோநொடியில் டயோடின் 0.5 வோல்ட் மட்டுமே அதனை இறக்குவதால் 0.095 ஆம்பியரே குறையும். கம்பிச்சுற்றின் மின்தடையைக் கணக்கில் கொள்ளாவிடில், மின்னோட்டம் வரம்பைக் கடந்தும் படிப்படியாக ஏறிக்கொண்டே செல்லும். அதிர்வெண்ணை எட்டில் ஒரு பங்காக்கினால் இறக்கத்திற்கு 15.9 மைக்ரோநொடி கிடைக்கும். ஏற்றத்தைவிட இறக்கம் மிகும். 52 கிலோஹெர்ட்ஸில் இயங்கும் எல்எம்2576 சீராக்கி, மிகைச்சுமையால் வெளியீட்டு மின்னழுத்தம் ஏறத்தாழ 40 விழுக்காடு சரியும்போது அதிர்வெண்ணை ஏறத்தாழ 11 கிலோஹெர்ட்ஸாகக் குறைத்துக்கொள்வது இவ்வடிப்படையிலேயே ஆகும்.

மற்றொன்று விக்கல் முறை. பழுது கண்டதும் சீராக்கி ஓய்ந்து, இடைவெளிவிட்டு மீண்டும் முயலும். 2 மில்லிநொடி முயன்று 48 மில்லிநொடி ஓய்ந்தால், இயங்கும் நேரம் 4 விழுக்காடே. வெப்பமும் அதற்கேற்பக் குறையும்.

வரம்பைத் தெரிவுசெய்தல்

மேற்கண்ட சுற்றின் முழுச்சுமை 3 ஆம்பியர் எனக் கொண்டால், மின்தூண்டியின் அலைவு 1.2 ஆம்பியர், எனவே இயல்பான உச்சம் 3.6 ஆம்பியர். வரம்பு இதனினும் மேலாகவும், அணைப்பின் காலத்தாழ்வில் கூடும் மின்னோட்டத்தையும் சேர்த்து மின்தூண்டியின் தெவிட்டல் அளவினும் கீழாகவும் அமைதல் வேண்டும். முழுச்சுமையை ஒரு தனி ஊடையை வைத்துக் கணக்கிடுதல் பொருந்தாது. மிகுதியான மின்காந்தங்கள் ஒருசேர இயங்கும் ஊடையே அளவுகோலாகும். வரம்பு தாழ்ந்தால் அவ்வூடையில் மின்னழுத்தம் சரிந்து சில கொக்கிகள் தவறக்கூடும். அப்பிழை சேலையின் வடிவத்திலேயே பதிந்துவிடும்.

விக்கல் முறைக்குரிய இடர் வேறு. மின்காந்தங்களுக்கும் கட்டுப்படுத்திக்கும் ஒரே சீராக்கி இருப்பின், ஒவ்வோர் ஓய்விலும் கட்டுப்படுத்தி அணைந்து, வடிவத்தில் நின்ற இடத்தை இழக்கலாம். இரண்டிற்கும் தனித்தனிச் சீராக்கி அமைத்துப் பழுதுக் குறிகையைக் கட்டுப்படுத்திக்கு அனுப்பினால், நின்ற ஊடையிலிருந்தே நெசவைத் தொடர இயலும்.

முடிவுரை

மிகைமின்னோட்டக் காப்பு டிரான்சிஸ்டரைக் காப்பதோடு முடிவதில்லை. சுமையின் உண்மையான உச்சம், மின்தூண்டியின் தெவிட்டல், பழுதுக்குப் பின் சீராக்கி மீளும் முறை ஆகிய மூன்றையும் ஒருங்கே கருதி வடிவமைக்கும்போதே அது சீராக்கியையும் நெய்பொருளையும் காக்கும்.