ஒரு புரதப் பெயரின் பொருள்

அறிவியற் சொற்களைத் தமிழிற் பெயர்ப்போர், சொல்லை அறிதலோடு அச்சொல் குறிக்கும் பொருளையும் அறிதல் வேண்டும். இதனை ஓர் எடுத்துக்காட்டால் விளக்க முற்படுகின்றோம்.

உயிரணு ஆய்வுக்கூடங்களிற் பயன்படும் சிறு குப்பி ஒன்றின்மேல் 'மறுசேர்க்கை மனிதப் புறத்தோல் வளர்ச்சிக் காரணி' என்னும் தொடரைக் காணலாம். உள்ளிருப்பது உறைநிலையில் உலர்த்திய சிறிதளவு பொடி. இத்தொடரைச் செயற்கைப் புரதம் என்று சிலர் விளக்குவர்; மனித உடலினின்று எடுத்த புரதம் என்று வேறு சிலர் கருதுவர். இரண்டும் பொருந்தா என்பதே எம் கருத்து.

முதற்கண், 'புறத்தோல் வளர்ச்சிக் காரணி' என்பதன் வரலாற்றை நோக்குவோம். அமெரிக்க அறிஞர் ஸ்டான்லி கோஹன், எலியின் உமிழ்நீர்ச் சுரப்பியினின்று பிரித்த ஒரு புரதத்தைப் புதிதாகப் பிறந்த குஞ்சுகளுக்குச் செலுத்தினார். அவற்றின் இமைகள் உரிய நாளுக்கு முன்னரே திறந்தன. வெட்டுப்பற்களும் முன்னரே முளைத்தன. இதனை அவர் 1962 இல் வெளியிட்டார். புறத்தோலின் வளர்ச்சி விரைவுற்றமையே இமை திறந்ததற்குக் காரணம் எனக் கண்டமையால் இப்பெயர் அமைந்தது. மனிதச் சிறுநீரில், இரைப்பையின் அமிலச் சுரப்பைக் குறைக்கும் பொருள் ஒன்று 'யூரோகாஸ்ட்ரோன்' எனத் தனியே வழங்கி வந்தது. இரண்டும் ஒன்றே என்பது 1975 இல் புலப்பட்டது. ஒரு பொருளுக்கு இருவர் கண்ட இரு பயனால் இரு பெயர் அமைந்தன; இரண்டும் அதன் முழு இயல்பை உணர்த்தவில்லை. கோஹன் 1986 இல் ரீட்டா லெவி-மொண்டால்சினியோடு நோபெல் பரிசு பெற்றார்.

அப்புரதத்தின் இயல்பு யாது? 53 அமினோ அமிலங்கள் கோத்த சிறு சங்கிலி அது. 3 கந்தகப் பிணைப்புகள் அதனைக் குறித்த வடிவில் நிறுத்துகின்றன. உயிரணுவின் புறத்தேயுள்ள ஏற்பியை அது பற்றுகின்றது. ஏற்பிகள் இரண்டிரண்டாக இணைந்து, ஒன்று மற்றொன்றின்மேல் பாஸ்பேட்டை ஏற்றுகின்றன. அவ்வழியே செய்தி உள்ளே செல்ல, உயிரணு பிரியத் தொடங்குகின்றது. எனவே வளர்ச்சியாகிய வினையைச் செய்வது உயிரணுவே, புரதம் ஏவுவதாகும். 'வா' என்னும் ஏவலைக் கேட்டவனே வருகின்றான்; அச்சொல் வருவதில்லை. செவியிலார்க்கு ஏவல் பயனற்றவாறுபோல, ஏற்பி இல்லாத உயிரணுவுக்கு இப்புரதமும் பயனற்றது.

இனி, 'மனித' என்னும் அடை பிறப்பிடத்தைக் குறிப்பதன்று. அமினோ அமிலங்களின் வரிசை மனிதனுக்குரியது என்பதையே குறிக்கும். இவ்வகைக் குப்பிகளுட் பலவற்றிலுள்ள புரதத்தை ஆக்குவது ஈ.கோலை என்னும் பாக்டீரியா ஆகும்.

'மறுசேர்க்கை' என்பதோ புரதத்தின் அடையே அன்று. வெட்டி ஒட்டப்பெற்றது டி.என்.ஏ. ஆகும். இந்நெறியை 1973 இல் நிறுவியவர் ஹெர்பர்ட் பாயரும் ஸ்டான்லி நார்மன் கோஹனும் ஆவர். இக்கோஹன் மேற்கூறிய கோஹனின் வேறானவர். பெயரொற்றுமையால் இருவரையும் ஒருவராகக் கொள்ளலாகாது. அங்ஙனம் சேர்த்த டி.என்.ஏ.யைப் பாக்டீரியா படித்துப் புரதத்தை ஆக்குகின்றது. 'யாழ் கேட்டான்' என்புழி யாழ் என்பது அதிற்பிறந்த இசைக்கு ஆயினாற்போல, கருவியின் பெயர் ஈண்டுப் பயனுக்கு ஆயிற்று. உயிருள்ள அணுவே ஆக்கித் தருதலின் 'செயற்கை' என்னும் சொல் இதற்குப் பொருந்தாது. அமினோ அமிலங்களை வேதிமுறையால் ஒவ்வொன்றாகக் கோத்து ஆக்கும் புரதத்திற்கே அச்சொல் உரியது.

வரிசை ஒன்றாயின் பொருளும் ஒன்றாகுமோ எனின், ஆகாது. எழுத்துகள் மாறாதிருப்பினும் பிரிக்கும் இடம் பிழைபடின் தொடர் பொருள் வேறுபடுவதை நாம் அறிவோம். இப்புரதத்தின் 6 சிஸ்டீன்களும் உரியவாறு இணைசேராவிடின், ஏற்பி அதனை உரியவாறு பற்றாது. ஆகவே எடையை மட்டும் அளந்து அமையாமல், வளர்ப்பிலுள்ள எலி உயிரணுக்களை அது பெருகச் செய்யும் ஆற்றலையும் அளக்கின்றனர். பாக்டீரியாவின் சுவரினின்று வரும் நச்சுப்பொருளையும் நீக்கல் வேண்டும். அது சில உயிரணுக்களைத் தானே கிளர்விப்பதாகலின், அதன் விளைவைப் புரதத்தின் விளைவாகக் கொள்ள நேரும். இடைச்செருகலை நூலாசிரியர் வாக்காகக் கொள்ளும் பிழையை ஒத்தது இது.

குப்பியின்மேல் 'ஆய்வுக்கு மட்டும்' என்னும் தொடரும் இருக்கும். கூபாவில் இப்புரதம் நீரிழிவுக் காற்புண்ணுக்கு மருந்தாகப் பயன்படுவது உண்மையே. ஆயின் அது மருந்துக்குரிய நெறிகளின்படி ஆக்கப்பெற்றுச் சோதிக்கப்பெற்றது. ஆய்வுக் குப்பியிலுள்ளது அத்தகையதன்று. பெயர் ஒன்றாயிருத்தல் கண்டு ஒன்றை மற்றொன்றன் இடத்திற் கையாளுதல் தீங்கு பயக்கும்.

ஆதலின், 'மறுசேர்க்கைப் புரதம்' என்பதை ஆகுபெயராகக் கொண்டு, அதன் விளக்கத்தோடு மாணவர்க்கு வழங்குதல் தகும். 'செயற்கைப் புரதம்' என்பதை இதற்கு வழங்குதல் தவிர்க்கத்தக்கது. கலைச்சொல்லிற் புகும் பிழை, ஆய்வுக்கூடத்திலும் பிழையாய் விளையும் என்பதை மொழியாசிரியராகிய நாம் மறத்தலாகாது.