கல்லில் நிற்கும் நகைகள்

தஞ்சைப் பெரிய கோயிலுக்குள் நுழைவோர் அனைவரும் விமானத்தை அண்ணாந்து நோக்குவது இயல்பு. தலைமையாசிரியனாக நான் பிள்ளைகளை அங்கு அழைத்துச் சென்ற போதெல்லாம், முதலில் குனிந்து அடித்தளத்தைப் பாருங்கள் என்பேன். அங்கேதான் நகைப் பெட்டி இருக்கிறது. கல்லில் வெட்டிய எழுத்தாக.

முதலாம் இராசராசனும், அவன் தமக்கை குந்தவையாரும், தேவியரும் இறைவனுக்கு அளித்த அணிகலன்கள் ஒவ்வொன்றாக அங்கே பதிவாகியுள்ளன. ஏகாவல்லி, கடகம், பட்டிகை, திருவடிக்காறை என நீள்கிறது பட்டியல். ஆடும் பெருமானாகிய ஆடவல்லானுக்கும், உமாபரமேசுவரிக்கும் எடுத்த திருமேனிகள் இவற்றை அணிந்து விளங்கின. சேரரையும் பாண்டியரையும் வென்று கொண்ட செல்வத்திலிருந்து செய்தவையும் அவற்றுள் உண்டு.

பொன்னை நிறுத்த எடைக்கல்லுக்கும் ஆடவல்லான் என்றே பெயர். நெல்லளந்த மரக்காலுக்கும் அதே பெயர்! இரண்டு குன்றி ஒரு மஞ்சாடி. இருபது மஞ்சாடி ஒரு கழஞ்சு. மஞ்சாடி விதை நான்கை நிறுத்துப் பாருங்கள். ஏறத்தாழ ஒரு கிராம் வரும். அப்படியானால் ஒரு கழஞ்சு ஐந்து கிராம் அளவு எனக் கொள்ளலாம்.

எனக்கு வியப்பூட்டுவது பொன்னின் மிகுதியன்று, கணக்கின் நேர்மையே. மணிகள் கோத்த நகையை நிறுக்கையில் சரடு, சட்டம், செப்பாணி, அரக்கு ஆகியவையும் எடையில் அடங்கும் என்று தெளிவாக எழுதினர். முத்துக்களில் உருண்டை எத்தனை, கரடுமுரடானவை எத்தனை, இரட்டையாய் ஒட்டியவை எத்தனை என எண்ணினர். மன்னன் கொடுத்ததாயினும் குறையுள்ள முத்து குறையுள்ளதே. பின்னாளில் எவரும் நல்ல முத்தை எடுத்துவிட்டு மட்டமானதை வைக்க இயலாதன்றோ?

கடல் கடந்த சம்பா நாட்டிலும், இன்றைய வியத்நாமில், இத்தகைய பக்தி தழைத்தது. சாம் மன்னர்கள் சிவலிங்கத்துக்குப் பொன்னால் முகக் கவசம் செய்து சாத்தினர். போ நகர் கோயிலில் 918இல் பகவதிக்குப் பொற்படிமம் நிறுவினான் இந்திரவர்மன். கம்போசர் அதைக் கவர்ந்து சென்றனர். 965இல் கற்படிமமே அவ்விடத்தில் அமைந்தது. எனினும் சாம் பொற்கவசங்களும் அணிகளும் சில, மண்ணிலிருந்து மீண்டு நம் கண்முன் உள்ளன. அவற்றுள் பலவற்றுக்கு, யார் அளித்தது, எக்கோயிலுக்கு என்று சொல்லும் எழுத்தில்லை.

தஞ்சையிலோ நேர்மாறு. கல்வெட்டு கூறும் அந்நகைகளை இன்று நாம் காண இயலாது. அவற்றின் எடை மட்டும் குன்றிமணி பிசகாமல் நிற்கிறது. 1891 முதல் ஹுல்ட்ஷ் என்னும் அறிஞர் இக்கல்வெட்டுகளைத் தென்னிந்தியக் கல்வெட்டுகளின் இரண்டாம் தொகுதியாக அச்சேற்றினார். நூலகத்தில் அதைக் கேட்டு வாங்கி, ஒரே ஒரு மாலையின் முத்துக்களையேனும் கூட்டிப் பாருங்கள்.