தீராந்தியில் செயின் புளொக் கொழுவுமுன்

1944 ஓகஸ்ட் 8ஆம் திகதி, வேலியன்ட் என்ற பிரித்தானியப் போர்க்கப்பலைத் தூக்கிக்கொண்டிருந்த மிதக்கும் திருத்துதளம் திருகோணமலைத் துறைமுகத்தில் முதுகு முறிந்து மூழ்கியது. பெரும் போர்க்கப்பல்களுக்கென்றே பம்பாயில் கட்டிய தளம் அது. தொட்டிகளிலிருந்து தண்ணீரை இறைத்த ஒழுங்கு, கப்பலின் பாரம் விழுந்த இடங்களோடு பொருந்தவில்லை.

படகு எஞ்சின் திருத்தும் கொட்டிலிலும் பார்க்க வேண்டியது இதுதான்: பாரம் எங்கே விழுகிறது? 40 குதிரைவலு வெளியிணைப்பு எஞ்சின் 70 கிலோவுக்குச் சற்று மேல். இதைவிடப் பலமடங்கு கனமான ஓட்டுக்கூரையையே சட்டம் சுமக்கிறதே என்று தோன்றும். ஓட்டின் பாரம் பரந்து இறங்குகிறது. அதே பாரத்தை ஒரு மரத்தின் நடுவில் ஓரிடத்தில் தொங்கவிட்டால், வளைக்கும் விசை இரண்டு மடங்கு.

இரு கைமரங்களும் உச்சியில் ஒன்றையொன்று தள்ளுவதால் அடிகள் வெளியே விலகப் பார்க்கும். அவற்றை இழுத்துப் பிடிப்பதே தீராந்தி. முறையாகச் செய்த சட்டத்தில் நடுக்கால் தீராந்தியில் ஊன்றி நிற்பதில்லை. உச்சியிலிருந்து தொங்கி, தீராந்தியின் நடுவைத் தூக்கிப் பிடிக்கிறது. ஆகவே கொழுவுவதானால் நடுக்கால் சேரும் மூட்டில்தான். அந்த மூட்டை ஆணியை நம்பி விடாதீர்கள். தீராந்தியின் அடியால் சுற்றிவரும் இரும்புப் பட்டியை நடுக்காலோடு போல்ட் போட்டு இறுக்க வேண்டும். உப்புக்காற்று வீசும் ஊர், நாகம் பூசிய இரும்பையே வாங்குங்கள். பழைய கொட்டில்கள் சிலவற்றில் நடுக்கால் வெறுமனே தீராந்தியில் ஊன்றி நிற்கும். அங்கே தீராந்தி ஏற்கெனவே கூரையைச் சுமக்கிறது. அதில் எதையும் தொங்கவிடக் கூடாது.

தீராந்தியின் இருபுறமும் பலகை வைத்துப் போல்ட்டால் இறுக்கினால் வளைவு குறையும். பாரத்தை மூன்று சட்டங்களுக்குப் பகிர, குறுக்கே ஒரு வளையைப் போடலாம். அதற்குமுன் மரம் சுவருக்குள் போகும் முனையை உளியால் குத்திப் பாருங்கள். கறையானும் ஒழுக்குநீரும் முதலில் பிடிக்கும் இடம் அது. உளி இலகுவாக இறங்கினால், முதிரையோ பாலையோ, அந்த மரம் இந்த வேலைக்கு ஆகாது.

கப்பியில் கயிறு போட்டு நிலத்தில் நின்று இழுத்தால், எஞ்சினின் பாரத்தோடு இழுக்கும் விசையும் சேர்ந்து மரத்தில் ஏறக்குறைய இரட்டிப்பாக விழும். செயின் புளொக்கில் அந்த மேலதிகம் சிறிது. வெட்டி இழுப்பது இரண்டிலும் ஆபத்து.

பல நூறு கிலோ வரும் உள்ளிணைப்பு டீசல் எஞ்சினுக்கு நான் கூரையைத் தொடவே மாட்டேன். நிலத்தில் தனியாகக் கால் ஊன்றிய இரும்புச் சட்டம் போடுவேன். அது செலவுதான், ஆனால் கீழே நின்று வேலை செய்வது மனிதர்.

பலப்படுத்திய சட்டத்தையும் ஒரு பொறியியலாளரிடம் காட்டிவிட்டே பாரம் ஏற்றுங்கள். தீராந்திக்குக் கீழே ஒரு நூலை இழுத்துக் கட்டி, எஞ்சினை ஒரு சாண் மட்டும் தூக்கி, எல்லோரும் விலகி நின்று அரைமணி நேரம் பாருங்கள். இறக்கிய பிறகும் மரம் நூலை நோக்கித் தாழ்ந்தே இருந்தால் செயின் புளொக்கைக் கழற்றிவிடுங்கள்.